வீட்டுக் கணினிக்கு முதல் லினக்ஸ்: குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் அதற்கு நிபந்தனைகள் இருக்கின்றன. இன்டெல் சில்லு எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதியும் வேண்டும். 2017-க்கு முன் வந்த கணினிகளில் பெரும்பாலானவை இதில் தேறாது.

நாகர்கோவிலிலும் தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் எத்தனையோ வீடுகளில் இப்படிப்பட்ட மடிக்கணினிகள் அலமாரியில் கிடக்கின்றன. மகள் பொறியியல் படித்தபோது வாங்கியது ஒன்று. வளைகுடாவிலிருந்து அண்ணன் கொண்டுவந்தது ஒன்று. பிளஸ் டூ படிக்கும்போது அரசு இலவசமாகக் கொடுத்தது ஒன்று. திரை நன்றாக இருக்கும், கீபோர்டு நன்றாக இருக்கும், ஆனால் "ரொம்ப ஸ்லோ, இனி ஆகாது" என்று மூடி வைத்திருப்பார்கள். இவற்றில் பெரும்பாலானவற்றை இன்னும் பல வருடங்கள் பாதுகாப்பாக ஓட்டலாம். அதற்குத்தான் லினக்ஸ் என்ற திறந்த மூல இயங்குதளம், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும், யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய மென்பொருள். காசு கொடுக்க வேண்டாம், கிராக் செய்த நகலைத் தேட வேண்டாம், எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவலாம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. களியக்காவிளையைத் தாண்டி பாறசாலைக்குப் போனால், அங்குள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கணினி கற்பதே லினக்ஸில்தான். கேரள அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளத்தைத் தயாரித்துத் தருகிறது. பத்தாம் வகுப்பு ஐடி தேர்வைக்கூட அதில்தான் எழுதுகிறார்கள். நம் பக்கத்திலும், 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு சேர்த்து பாஸ் லினக்ஸ் என்ற நம் நாட்டு லினக்ஸ் வகையும் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாததால் பெரும்பாலானோர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அது வருத்தமான விஷயம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

"லினக்ஸில் எது நல்லது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நூற்றுக்கணக்கில் வகைகள் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்க்கும் வீடியோக்களைப் பார்த்தே பலர் களைத்துவிடுகிறார்கள். என் கருத்து இது: வீட்டில் அந்தக் கணினியால் என்ன வேலை நடக்கிறது, கணினியின் வலு என்ன என்ற இரண்டும் தெரிந்தால் தேர்வு ஓரிரு பெயர்களுக்குள் வந்துவிடும். மிச்சத்தைப் பென் டிரைவில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யலாம்.

முதலில் வீட்டு வேலையைப் பாருங்கள்

ஒரு வாரம் அந்தக் கணினியில் யார் யார் என்னென்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். மின்கட்டணம், ரயில் டிக்கெட், வங்கி, டிஜிலாக்கர், யூடியூப், வாட்ஸ்அப் வெப், கூகுள் மீட் எல்லாம் பிரவுசரில் நடப்பவை. லினக்ஸிலும் அதே ஃபயர்ஃபாக்ஸ், அதே குரோம், ஒரு வித்தியாசமும் தெரியாது. ஜூமுக்கு லினக்ஸ் பதிப்பு இருக்கிறது. ரப்பர் ஷீட் விற்ற கணக்கு, தேங்காய் வெட்டுக்கூலி, சீட்டுக் கணக்கு என்று எக்செல்லில் எழுதுபவர்களுக்கு லிப்ரே ஆபிஸ் என்ற இலவசத் தொகுப்பில் இருக்கும் கால்க் போதும். பழைய எக்செல் கோப்புகளை அதுவே திறக்கும். கல்லூரியில் சி, பைத்தான் படிக்கும் பிள்ளைகளுக்கு விண்டோஸைவிட லினக்ஸே வசதி.

இனி, கவனமாக இருக்க வேண்டிய இடங்கள். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்ட மென்பொருள். போட்டோஷாப்பும் பேஜ்மேக்கரும் லினக்ஸில் நேரடியாக ஓடாது. ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் யுஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையெழுத்துப் போடுபவர்கள், இ-சேவை மையத்தில் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள், ஸ்டூடியோவிலோ அச்சகத்திலோ வேலைசெய்து அதே ஃபைலை வீட்டுக்கும் கொண்டுவருபவர்கள்: உங்கள் பிழைப்பு எந்தக் கணினியில் நடக்கிறதோ அதில் கை வைக்காதீர்கள். வேறு ஒரு பழைய கணினியில் லினக்ஸைப் போட்டுப் பழகுங்கள். வைன் என்ற மென்பொருள் வழியாகச் சில விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டலாம் என்பது உண்மைதான். ஆனால் முதல்முறை வருபவர் அதை நம்பித் தொழிலை நடத்தக் கூடாது.

வேர்டு கோப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரணக் கடிதம், விண்ணப்பம், பயோடேட்டா எல்லாம் லிப்ரே ஆபிஸில் ஒழுங்காகத் திறக்கும். அட்டவணையும் படமும் பெட்டியும் நிறைந்த புராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் வரிகள் சற்று இடம் மாறும். அப்படிப்பட்டதை அனுப்பும்போது பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் பிரச்சினை தீர்ந்தது. வேர்டிலேயே திருத்த வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட்டின் இணையப் பதிப்பு பிரவுசரில் கிடைக்கிறது.

பிறகு கணினியின் வலுவைப் பாருங்கள்

விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் என்று போனால் ராம் எவ்வளவு, சில்லு எது, 32 பிட்டா 64 பிட்டா என்று காட்டும். குறித்துக்கொள்ளுங்கள்.

8 ஜிபி ராம் இருந்தால் எந்த லினக்ஸும் தாராளமாக ஓடும். 4 ஜிபி என்றால் நன்றாக ஓடும், பிரவுசரில் இருபது டேப் திறக்காமல் இருந்தால் போதும். 2 ஜிபி ராம் உள்ள பழைய இலவச மடிக்கணினி என்றால், எடை குறைந்த மேசைச்சூழல் (திரையில் தெரியும் மெனு, பட்டி, சாளரங்கள்) கொண்ட பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். அதிலும் யூடியூப் திணறத்தான் செய்யும். கடிதம் எழுத, பாட்டுக் கேட்க, பிள்ளைகள் தட்டச்சுப் பழக அது போதும். ராமை 4 ஆக்க வழியிருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள்.

ராமைவிடப் பெரிய மாற்றத்தைத் தருவது எஸ்எஸ்டி. சுழலும் பழைய ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டியைப் போட்டால், பத்து வருடப் பழைய கணினியும் சட்டென்று எழுந்து நிற்கும். பழைய டிஸ்கை யுஎஸ்பி உறையில் போட்டு, படங்களைச் சேமிக்க வைத்துக்கொள்ளலாம். செலவு செய்ய மனமிருந்தால் முதல் செலவு இதுவாக இருக்கட்டும் என்பேன்.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கரையோர ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்புக்காற்று பட்டுப் பட்டு, நாளாக நாளாக ராமின் உலோகக் காலிலும் யுஎஸ்பி துளையிலும் துரு ஏறும். கணினி தானாக நின்றுபோனால் உடனே இயங்குதளத்தைக் குறை சொல்ல வேண்டாம். ராமைக் கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, திரும்ப மாட்டிப் பாருங்கள். பழைய மேசைக் கணினியில் ஒவ்வொரு முறையும் தேதி 2009, 2010 என்று பின்னால் போனால், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள். தேதி தவறினால் பாதுகாப்பான இணையதளங்கள் எதுவும் திறக்காது, புதிதாக வருபவர் "லினக்ஸில் நெட் வரவில்லை" என்று நினைத்துவிடுவார்.

எதை எடுப்பது?

வீட்டுக் கணினிக்கு, அதுவும் முதல்முறைக்கு, என் பரிந்துரை லினக்ஸ் மின்ட். காரணங்கள் எளியவை. கீழே பட்டி, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அது அந்நியமாகத் தெரியாது. அம்மாவோ அப்பாவோ உட்கார்ந்தாலும் பத்து நிமிடத்தில் வழி கண்டுபிடித்துவிடுவார்கள். மின்ட் 22 வரிசை, உபுண்டு 24.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2029 வரை அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். உபுண்டுவுக்காக இணையத்தில் எழுதப்பட்ட தீர்வுகளில் பெரும்பாலானவை மின்ட்டுக்கும் பொருந்தும் என்பது இன்னொரு பெரிய வசதி.

மின்ட்டில் மூன்று பதிப்புகள் உண்டு. 4 ஜிபியும் அதற்கு மேலும் என்றால் சின்னமன். அதற்குக் கீழே என்றால் எக்ஸ்எஃப்சிஇ. எடையில் இரண்டுக்கும் நடுவில் நிற்பது மாட்டே. யோசித்துக் குழம்ப வேண்டாம், உள்ளே இருக்கும் மென்பொருள்கள் ஏறக்குறைய ஒன்றுதான்.

உபுண்டு எப்போது? கணினி புதிது, 8 ஜிபி ராம் இருக்கிறது, வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருக்கிறது என்றால் உபுண்டுவையே எடுக்கலாம். இரட்டைப்படை வருடங்களின் ஏப்ரலில் வரும் எல்டிஎஸ் பதிப்பை மட்டும் எடுங்கள். அதற்கு ஐந்து வருட ஆதரவு உண்டு. நடுவில் வருபவை ஒன்பது மாதத்தில் காலாவதியாகிவிடும். சோரினும் நல்லதுதான், பார்க்க அழகாக இருக்கும். ஃபெடோரா புதுமைகளை முதலில் தருவது, ஆனால் ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டே இருக்கும். முதல் வருடம் அந்த வேகம் தேவையில்லை. டெபியன் உறுதிக்குப் பேர்போனது, உபுண்டுவுக்கும் அதுவே தாய். கொஞ்சம் பழகிய பிறகு அங்கே போகலாம். மத்திய அரசின் சி-டாக் தயாரிக்கும் பாஸ் லினக்ஸும் டெபியனிலிருந்து வந்ததே. நம் நாட்டு முயற்சி என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் ஒரு சிக்கல் வந்து தேடும்போது உபுண்டுவுக்கும் மின்ட்டுக்கும் கிடைக்கும் அளவு விடை அதற்குக் கிடைப்பதில்லை. அதனால்தான் முதல் தேர்வாக அதைச் சொல்லவில்லை.

32 பிட் மட்டும் ஓடும் மிகப் பழைய கணினி என்றால் வழிகள் குறைந்துவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லிருந்து 32 பிட் கணினிக்கான நிறுவியே இல்லை. ஆன்டிஎக்ஸ் போன்ற ஓரிரண்டு மட்டும் மிச்சம்.

உங்கள் தெருவிலோ உறவிலோ ஏற்கெனவே ஒருவர் ஒரு லினக்ஸைப் பயன்படுத்துகிறார், கூப்பிட்டால் வந்து பார்ப்பார் என்றால், மேலே சொன்னதை எல்லாம் ஒதுக்கிவிட்டு அவர் பயன்படுத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஆள் இருப்பதற்கு ஈடான வசதி வேறு எதிலும் கிடையாது.

பதிவிறக்கம்

லினக்ஸ் மின்ட்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. உபுண்டு என்றால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வீட்டில் ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலையில்லை. மொபைல் டேட்டாவில் நாளுக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று எல்லை வைத்திருப்பவர்கள், பேச்சிப்பாறை, அருமனை பக்கம் மலையோரத்தில் சிக்னல் வந்து வந்து போகிறவர்கள் டோரண்ட் வழியாக இறக்குங்கள். மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலேயே டோரண்ட் இணைப்பு இருக்கிறது. இன்று பாதி, நாளை பாதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரும். இறங்கிய ஒவ்வொரு துண்டையும் தானே சரிபார்த்துக்கொள்ளும். அதற்கும் வழியில்லை என்றால் நாகர்கோவிலில் இருக்கும் உறவினர் வீட்டு வைஃபையில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவாருங்கள். திறந்த மூல மென்பொருளை இப்படிக் கைமாற்றிக் கொடுப்பது முழுக்கச் சட்டப்படியானது. ஒருவர் இறக்கினால் தெருவே பயன்படுத்தலாம்.

அதிகாரபூர்வத் தளம் தவிர வேறெங்கும் இறக்காதீர்கள். நேரடியாக இறக்கியவர்கள், தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணோடு (கோப்பின் கைரேகை போன்றது அது) உங்கள் கோப்பின் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நடுவில் அறுந்து இறங்கிய கோப்பால் பாதி நிறுவலில் நின்றுபோவது அடிக்கடி நடக்கும் விஷயம்.

பென் டிரைவில் ஓட்டிப் பார்ப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் இதுதான், இதற்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும், முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறிய நிரலைத் திறந்து, பென் டிரைவையும் ஐஎஸ்ஓ கோப்பையும் காட்டி, ஸ்டார்ட் அழுத்துங்கள். ஐஎஸ்ஓவைச் சும்மா பென் டிரைவுக்குள் காப்பி செய்தால் கணினி அதிலிருந்து எழாது.

அப்புறம் கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, சுவிட்சைப் போட்டதும் பூட் மெனுவுக்கான பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல்லிலும் லெனோவாவிலும் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பியில் எஸ்கேப் அழுத்திவிட்டு எஃப்9. ஆசஸ் மடிக்கணினியில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் அதைப் பயாஸ் என்ற கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் முதலில் இயக்க வேண்டியிருக்கும். வரும் பட்டியலில் பென் டிரைவின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் மின்ட்டின் மேசை கண்முன் வந்துவிடும். இந்த நேரம் வரை உங்கள் ஹார்டு டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுப் பென் டிரைவை உருவினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.

ஓடுவது மெதுவாகத்தான் இருக்கும், அது பென் டிரைவின் வேகம். வேகத்தை வைத்து மதிப்பிடாமல், கணினியின் ஒவ்வொரு உறுப்பும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். வைஃபை பட்டியலில் உங்கள் வீட்டுப் பெயர் தெரிகிறதா? யூடியூபில் பாட்டுப் போட்டால் சத்தம் வருகிறதா, ஹெட்போன் செருகினால் அதற்கு மாறுகிறதா? கேமராவில் முகம் தெரிகிறதா? திரையின் வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா? டச்பேடில் இரண்டு விரல் நகர்த்தல் வேலை செய்கிறதா? மடிக்கணினியை மூடி, ஒரு நிமிடம் கழித்துத் திறந்தால் விழிக்கிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தூங்கப் போட்டால் எழாத மடிக்கணினி தினமும் தொல்லை கொடுக்கும்.

வைஃபை வரவில்லை என்றால் அதோடு விட்டுவிட வேண்டாம். சில ரியல்டெக், பிராட்காம் சில்லுகளுக்கு டிரைவரை, அதாவது அவற்றை இயக்கும் மென்பொருளை, தனியாகப் போட வேண்டியிருக்கும். உங்கள் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போனில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். லினக்ஸ் அதை உடனே இணையமாக எடுத்துக்கொள்ளும். நிறுவி முடித்த பிறகு அதே வழியில் டிரைவர் மேனேஜரைத் திறந்தால் பெரும்பாலும் அதுவே வேண்டியதைக் கண்டுபிடித்துப் போட்டுவிடும்.

பிரிண்டரையும் இப்போதே இணைத்துப் பாருங்கள். ஹெச்பி பிரிண்டர்களில் பெரும்பாலானவை செருகியதும் வேலை செய்யும். எப்சனின் இங்க் டேங்க் வகைகளுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. நம் ஊர்க் கடைகளிலும் வீடுகளிலும் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி2900 மட்டும் சிரமம் கொடுக்கும். அது கேனானின் தனிப்பட்ட முறையில் பேசும் பிரிண்டர். வைத்திருப்பவர்கள், பழகிய ஒருவரின் துணையோடுதான் அதை அமைக்க வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வந்த மடிக்கணினி என்றால் பொத்தான்களில் அரபு எழுத்தும் இருக்கும். நிறுவும்போது கீபோர்டு வகையாக ஆங்கிலம் யுஎஸ் என்பதையோ, ரூபாய்க் குறியோடு கூடிய இந்திய ஆங்கிலம் என்பதையோ தேர்ந்தெடுங்கள். இரண்டாவதில் வலது ஆல்ட்டோடு 4 அழுத்தினால் ₹ வரும்.

இன்னும் ஒன்று. மெனுவில் டிஸ்க்ஸ் என்ற நிரல் இருக்கிறது. அதைத் திறந்து உங்கள் ஹார்டு டிஸ்கின் ஸ்மார்ட் விவரத்தைப் பாருங்கள். டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தால் அங்கே எச்சரிக்கை தெரியும். சாகப்போகும் டிஸ்கில் எந்த இயங்குதளத்தைப் போட்டாலும் பயனில்லை.

நிறுவும் நாள்

முதலில் நகல். கல்யாணப் படங்கள், பத்திரத்தின் ஸ்கேன், சான்றிதழ்கள், கணக்குகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க் ஒன்றில் போட்டு, அந்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகித் திறந்து பாருங்கள். படம் உண்மையில் திறக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே மேற்கொண்டு போங்கள்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள வேண்டுமா, முழுவதும் மாறுவதா? விண்டோஸ் 11 ஓடும் நல்ல கணினி என்றால் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் விண்டோஸுக்குள் இரண்டு வேலை. பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள், இல்லையேல் விண்டோஸ் பிரிவை லினக்ஸிலிருந்து திறந்து எழுத முடியாது. ஆதரவு முடிந்த விண்டோஸ் 10 மட்டும் ஓடும் பழைய கணினி என்றால், முழுவதுமாக மாறிவிடுங்கள் என்பதே என் யோசனை. சின்ன டிஸ்கை இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் இடம் போதாது.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மதியத்துக்கு மேல் இடி இறங்கும்போது கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. டிஸ்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் உள்ளிருப்பது நாசமாகும். மடிக்கணினி என்றால் பேட்டரி நிறைய இருக்கட்டும். பேட்டரி செத்துப்போன மடிக்கணினியும் மேசைக் கணினியும் என்றால் யுபிஎஸ் வேண்டும், அல்லது வானம் தெளிந்த ஒரு காலை வேளையில் செய்யுங்கள்.

நிறுவல் தானே எளிது. மேசையில் இருக்கும் இன்ஸ்டால் சின்னத்தை இரட்டைச் சொடுக்கு. மொழி, கீபோர்டு. பாட்டும் வீடியோவும் ஓட உதவும் மல்டிமீடியா கோடெக்குகளைச் சேர்க்கவா என்று கேட்டால் ஆம். டிஸ்க் முழுவதையும் அழித்து நிறுவுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா என்று கேட்கும் திரையில் மட்டும் நின்று, இரண்டு முறை படித்து, பிறகு அழுத்துங்கள். வெளி டிஸ்க் செருகியிருந்தால் அதற்கு முன்பே உருவிவிடுங்கள். நேர மண்டலத்துக்குக் கொல்கத்தா. பயனர் பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில் கொடுங்கள். கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வையுங்கள், மென்பொருள் நிறுவும்போதெல்லாம் அது கேட்கும்.

தமிழ்

நம் வீட்டுக் கணினியில் தமிழ் எழுத முடியாவிட்டால் அது பாதிக் கணினிதான். தமிழ் படிப்பதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம், ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. நோட்டோ, லோஹித், மீரா இனிமை என்று இன்னும் வேண்டுமென்றால் இலவசமாகச் சேர்க்கலாம்.

தட்டச்சுக்கு, சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ் எம்17என் என்ற பொதியைத் தேடி நிறுவுங்கள். பிறகு மெனுவில் இன்புட் மெத்தட் என்பதைத் திறந்து ஐபஸைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். இனி ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை, இன்ஸ்கிரிப்ட், தட்டச்சுப்பொறி என்று பல வகைகள் தெரியும். ஆங்கில எழுத்தால் அம்மா என்று ஒலிப்பு முறையில் எழுதிப் பழகியவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் முடித்தவர்களுக்குத் தட்டச்சுப்பொறி முறை கைக்கு வரும்.

பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதென்றால் தமிழ்99-ஐ விட்டுவிடாதீர்கள். 1999-இல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை அது. உயிர் எழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். ங-வுக்குப் பின் க, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப வந்தாலும் அப்படியே. ஒரு மாதம் தினமும் கொஞ்ச நேரம் பழகினால், ஒலிப்பு முறையை விடக் குறைந்த தட்டலில் வேகமாக எழுதலாம். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளமும் எழுதுபவர்கள், அதே ஐபஸில் மலையாளத்தையும் சேர்த்து, ஒரே பொத்தானில் மூன்று மொழிக்கும் மாறிக்கொள்ளலாம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளைப் பற்றிக் கேட்பார்கள். கோயில் கொடை நோட்டீஸ், சபை அறிக்கை, சங்கத் தீர்மானம் என்று எல்லா ஊரிலும் இவை கிடக்கின்றன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து லினக்ஸில் நிறுவினால் படிக்கலாம், அச்செடுக்கலாம். ஆனால் நிலையான வழி, அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவதே. அதற்கு இணையத்தில் மாற்றிக் கருவிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்துப் பிழை திருத்துங்கள். அதன்பின் அந்த எழுத்து போனிலும் தெரியும், தேடினாலும் கிடைக்கும்.

மெனுக்களையே தமிழுக்கு மாற்றவும் முடியும். மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முழுமையாக இருக்காது. பெரியவர்கள் ஒரு வாரம் தமிழில் வைத்துப் பார்க்கட்டும், பிடித்தால் அப்படியே இருக்கட்டும்.

முதல் மாதம்

அப்டேட் மேனேஜர் கூப்பிடும்போது தள்ளிப்போடாமல் செய்யுங்கள். வேலையின் நடுவே அதுவாக மறுதொடக்கம் செய்யாது, உங்களுக்குச் சௌகரியமான நேரத்தில் செய்தால் போதும். டைம்ஷிஃப்ட் என்ற நிரலைத் திறந்து வாரம் ஒருமுறை கணினியின் நிலையைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஏதாவது ஒரு மாற்றத்தால் கெட்டுப்போனால் முந்தின வாரத்து நிலைக்கே திரும்பலாம். ஆனால் அது இயங்குதளத்துக்கு மட்டும். உங்கள் படங்களுக்கும் கணக்குகளுக்கும் வெளி டிஸ்கில் தனி நகல் எப்போதும் வேண்டும்.

மென்பொருள் வேண்டுமென்றால் இணையத்தில் தேடி இறக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு சாஃப்ட்வேர் மேனேஜருக்குப் போங்கள். விஎல்சி, படம் திருத்த ஜிம்ப், வீடியோ வெட்ட கேடென்லைவ், வானத்து நட்சத்திரங்களைக் காட்டும் ஸ்டெல்லேரியம், சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகாம்ப்ரீயும் டக்ஸ் பெயின்டும். எல்லாம் அங்கேயே இருக்கின்றன.

கறுப்புத் திரையில் கட்டளை எழுத வேண்டுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. வீட்டு வேலைக்கு அது இல்லாமலே வருடக்கணக்கில் ஓட்டலாம். இணையத்தில் யாரோ சொன்ன கட்டளையை, என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டி இயக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

இரண்டு இயங்குதளமும் வைத்திருப்பவர்களுக்கு, லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். எதுவும் கெட்டுவிடவில்லை. லினக்ஸ், கணினியின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் என்பதால் இந்த வித்தியாசம். லினக்ஸையும் உள்ளூர் நேரம் வைக்கச் சொல்ல ஒரு அமைப்பு இருக்கிறது, ஒருமுறை மாற்றினால் போதும்.

தமிழில் படிக்க, 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் இதழின் தளம் இருக்கிறது. கட்டுரைகளோடு இலவச மின்னூல்களும் அங்கே உண்டு. பக்கத்தில் பொறியியல் கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள், லினக்ஸ் அவர்களுக்குப் பாடத்திலேயே வரும். யாரிடம் கேட்டாலும் "ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். என்ன செய்தீர்கள், திரையில் என்ன வந்தது என்பதைப் போனில் படமெடுத்து அனுப்புங்கள். மின்ட்டின் மெனுவில் சிஸ்டம் ரிப்போர்ட்ஸ் என்று ஒன்று இருக்கிறது, புதிய பதிப்புகளில் அதன் பெயரே சிஸ்டம் இன்ஃபர்மேஷன். அதிலுள்ள சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் உங்கள் கணினியின் சில்லு, ராம், வைஃபை, கிராஃபிக்ஸ் விவரம் முழுவதும் இருக்கும். அதை நகலெடுத்துக் கேள்வியோடு சேர்த்து அனுப்பினால், திரும்பத் திரும்பக் கேட்காமல் முதல் பதிலிலேயே தீர்வு கிடைக்க வாய்ப்பு அதிகம்.